இரண்டு விரற்கடை

ஒருரோவில் சிமெண்ட் சீக்கிரம் இறுகாது.
குளிர்.
இரவெல்லாம் வைக்கோல் போர்த்திக் காவலிருப்போம்
பச்சைச் சுவருக்கு.

அந்தக் காவலில்தான் பேசப் பழகினான்
ஃபெர்மின் லியான்கே.
கோகா இலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு
கூலிக் கணக்குச் சொல்வான்.
பதினோரு பேர் கேட்டோம்.
பிறகு சங்கம். பிறகு ரயிலடித் திடல் நிறைய.
பிறகு மாகாணம்.

மேஸ்திரியாக இருந்தபோது ஒருமுறை
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து
இரண்டு விரற்கடை சாய்வென்று
நான் கலவை சுமந்த சுவரை
உதைத்தே தள்ளினான்.
அன்றைய கூலி அவன் பையிலிருந்து.
அதற்காகவே ஓட்டுப் போட்டேன், மூன்று தடவை.

இன்று ஆஸ்பத்திரித் திறப்பு.
ரிப்பன் வெட்டுகிறார் மாகாணத் தலைவர்.
பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊத,
கூட்டம் என்னைச் சுவரோடு நெருக்கியது.
சும்மா, பழக்கதோஷம்,
நகத்தால் கீறினேன்.
மணல்.
இன்னும் கீறினேன். கொட்டிக்கொண்டே இருந்தது.

கை குலுக்கும் வரிசை நகர்ந்தது.
“பஸிலியா!” என்றார். மறக்கவில்லை.
என் உள்ளங்கை மணல்
அவர் உள்ளங்கைக்குப் போனது.
குனிந்து பார்த்தார்.
கட்டைவிரலால் நெருடினார்,
கலவைக்குப் பதம் பார்க்கிற அதே நெருடல்.

ஒரு கணம்தான்.
எனக்கு அடுத்துக் கை நீட்டி நின்றவர்
ஒப்பந்தக்காரர்.