ஒன்பதாவது கட்டம்

எஸ்.பி. ஆபீசில் நீட்டிய படிவத்தில்
ஒன்பதாவது கட்டம் மட்டும் காலி:
'இந்தியாவில் தெரிந்தவர் பெயர், செல் நம்பர்.'
தடாலா என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

அவள் மலாவி. நான் கமுதி.
ஊட்டிக்கு வந்து இருவருக்கும் பதினோரு நாள்.
இருபத்தாறாம் நம்பர் அறையில்
ஒரே ஜன்னல், ஒரே வாளி,
வெந்நீருக்குக் காயில் போட்டால்
மாடி முழுக்க இருட்டு.

வார்டன் அவளைக் கூப்பிட்டால்
குண்டான் உருண்ட மாதிரி இருக்கும்.
"தடால்!"
முதல் இரண்டு நாள் எனக்கும் சிரிப்புத்தான்.
'ஆசி பெற்றோம்' என்று அர்த்தமாம் அவள் பாஷையில்.
அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தொட்டபெட்டா ரோட்டில் நின்று
தேயிலைச் சரிவை
என் அப்பன் வீட்டுச் சொத்துபோலக் காட்டினேன்.
"எங்கள் தியோலோவிலும் இதே" என்றாள்.
பேசிக்கொண்டே அவள் கை
இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளிவிட்டது.
கருவேலங்காட்டுக்காரி நான்
தேயிலைச் செடியைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

கல்லூரியில் 'நட்புத் துணை' என்று ஒரு திட்டம் உண்டு.
மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி
பூங்கொத்து கொடுத்தாள், போட்டோவுக்கு நின்றாள்,
நம்பர் தந்தாள்.
எப்போது அடித்தாலும் சுவிட்ச் ஆஃப்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மக்காச்சோள மாவு தேடி
ஆறு கடை எங்களோடு ஏறி இறங்கியவள்
ஜெராக்ஸ் கடை கிரிஜி.
மாவு கிடைக்கவில்லை.
வர்க்கி வாங்கித் தின்றுகொண்டே திரும்பினோம்.
அன்றிரவு தடாலா
போர்வைக்குள் அழுதது எனக்குக் கேட்டது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
நானும் தூங்குவதுபோலக் கிடந்தேன்.
அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஏட்டு பேனாவால் மேஜையைத் தட்டினார்.
"யாரும்மா தெரிஞ்சவங்க? சீக்கிரம்."

எழுதினேன்.
'செங்கமலவல்லி' அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி இரண்டெழுத்து
கோட்டைத் தாண்டி வெளியே நின்றது.
இந்த ஊரில் எனக்கே தெரிந்தவர் யாருமில்லை.
ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட்
எல்லாவற்றிலும் இருக்கிற அதே பெயர்தான்.
இன்னொருத்திக்காக எழுதியதில்
கொஞ்சம் கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

"உறவு முறை?"

பதினோரு நாளில் அவள் கற்ற தமிழ்
ஐந்தே சொல்.
அதில் இரண்டை எடுத்து நிதானமாக வைத்தாள்:
"ஒரே வாளி."

ஏட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
'ரூம்மேட்' என்று எழுதி
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
தடால்.

வெளியே சாய்ந்து பெய்தது மழை.
இருந்தது ஒரு குடை.
அதுவும் கிரிஜியுடையது.