மூன்றாம் விரல்

தாலினில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
பகலெல்லாம் மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்கிய கை
செல்லோவின் தந்தியையும் முடுக்கப் பார்க்கிறது.
கழுத்தை நெரிக்காதே என்று
தன் கட்டைவிரலைத் தானே அதட்டுகிறாள் வைகே.

தீப்பெட்டியில் பத்துப் பார்லி மணி.
காதருகே குலுக்கிக் குலுக்கி
மெட்ரோனோமின் ஒரு தட்டுக்கு நாலு சலசலப்பு.
பெட்டிக்கு வந்தது தந்திக்கு வரவில்லை;
அங்கே ஆட்டுக்குட்டிதான் கத்துகிறது.
கீழ்வீட்டு ஊர்மாஸ் வெந்நீர்க் குழாயைத் தட்டுகிறான்,
தாளம் தவறாமல்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்
முழங்கை எதையோ மறந்தது.
சுரம் தளும்பியது, சிந்தவில்லை.

அன்று கண்டதையெல்லாம் தளும்பவிட்டாள்,
சுருதி சேர்க்கும்போதுகூட.
கடைசிச் சுரத்துக்கு வந்ததும்
விரலை அப்படியே வைத்தாள்.
ஏனென்று தெரியாது.
வில் தீரும்வரை
அசையாமல் நீண்டது அது.

கீழே குழாய் காத்திருந்தது.