அடிப்படை விலை

நாலு ரோட்டுப் பட்டுக்கூடு அங்காடியில்
இருபத்திரண்டு வருஷமாக விலை கூவுகிறேன்.
ஒரு கூட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் போதும்,
உள்ளே இருப்பது காய்ந்ததா ஈரமா, சொல்லிவிடுவேன்.
அதனால்தான் நேற்று ராத்திரி
கைப்பேசியில் கபடி ஏலம் ஓடியபோது
சும்மா படுக்க முடியவில்லை.

ஒரு பையன். இருபத்தொரு வயசு. ரெய்டர்.
அவன் தொடையைத் தட்டும் படம் ஓடி முடிவதற்குள்
சுத்தியல் விழுந்தது:
ஒரு கோடியே எழுபது லட்சம்.
கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.
யாரும் அவனைக் காதருகே வைத்து
ஆட்டிப் பார்க்கவில்லை.

காலையில் முதல் லாட் வருவதற்குள்
எடைச்சீட்டின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.
எண்பத்தேழாம் வருஷம். காரிமங்கலம் சந்தைத் திடல்.
நாங்கள் ஏழு பேர்.

தொப்பையன். பேருக்குத்தான் தொப்பை.
மூன்று பேர் முதுகில் கிடக்க
கோட்டின் மேல் ஒரு நகத்தை வைத்துவிடுவான்.
நகத்துக்கு மட்டும் அறுபது லட்சம்.
நஞ்சப்பன், அவன் தம்பி சென்னப்பன், சங்கிலிப் பிடி.
அங்காடியில் இரட்டைக்கூட்டுக்கு மதிப்பில்லை, நூல் சிக்கும்.
இவர்களிடம் சிக்கியது எதிராளிதான்.
பிரிக்காமல் விற்பதானால் ஒன்றே கால் கோடி.
காவேரியப்பன், எழுபது. கோபம் வந்தால் ஐம்பது.
ஏழாவது ஆளின் பெயர் நினைவில் இல்லை.
பாலக்கோடு சர்க்கரை ஆலைக்காரன், நீல பனியன்.
பெயருக்கு ஒரு கோடு, கோட்டுக்கு நேரே நாற்பது.
ஒரு ஆட்டமும் ஆடாமல் டீ வாங்கி வந்த மாதேசனுக்கும்
அடிப்படை விலை ஒன்பது லட்சம்.
கூத்தரசன். தாவினால்
கீழே நிற்பவன் குனிந்து அவன் நிழலைப் பிடிப்பான்.
ஒரு கோடி. அடித்துவிட்டு, ஒன்றே கால்.
அடித்துவிட்டு, ஒன்றரை.
நான் இடது மூலை, கணுக்கால் பிடி.
என் விலையை நானே எழுதக் கூச்சம். காலியாக விட்டேன்.

அன்றைக்குப் பரிசு ஒரு செம்மறிக் கிடா.
ஏழு பங்கு. கூத்தரசனுக்கு மட்டும் ஈரல் கூடுதல்.
குடலில் நடுவரும் பங்கு கேட்டார்.

கேன்டீனில் இட்லி விற்கும் பெருமாயி
சீட்டை எட்டிப் பார்த்தாள்.
"அப்பவே இந்தக் காசு வந்திருந்தா
என்னையக் கட்டியிருப்பியா?"
பதிலுக்கு மூச்சுப் பிடித்தேன்.
முப்பது விநாடி தாண்டிவிட்டது. அவுட்.

பத்து மணிக்குப் பென்னாகரம் பஸ்ஸில் வந்து இறங்கினான்
கூத்தரசனே, கூட்டு மூட்டையோடு.
வலது முழங்கால் புதுசு.
"காப்பீட்டு அட்டையில மாத்துனது.
பில்லுல எம்பத்தஞ்சாயிரம் போட்டிருந்தான்.
என் உடம்புக்கு எழுத்துல கெடச்ச வெல
அது ஒண்ணுதான்" என்று சிரித்தான்.

அவன் கூட்டை எடுத்து ஆட்டினேன்.
மழைக் கறை. ஈரம்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
என் தோள் எந்தப் பக்கம் சாயுமென்று
பயிற்சியில் பார்ப்பானே, அதே பார்வை.
ஒன்றரைக் கோடி சட்டைப்பையில் இருக்க,
"கிலோ முந்நூற்றுப் பத்து" என்றேன்.
நூற்பாலைக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள்.
பதினைந்து. பதினெட்டு.
ஒரு தரம். ரெண்டு தரம்.
மூன்றாவதைச் சொல்லவில்லை.
வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன்.
தராசுக்காரன் திரும்பிப் பார்த்தான்.
கூத்தரசனுக்குப் புரிந்துவிட்டது,
இடது தொடையை ஒரு தட்டுத் தட்டினான்.
ஓசூர்க்காரர் ஒருவர் எரிச்சலில்
ரெண்டு ரூபாய் ஏற்றினார்.

நாற்பத்தொரு கிலோ. முந்நூற்று இருபது.
பதின்மூன்றாயிரத்து நூற்று இருபது.
நோட்டை எச்சில் தொட்டு எண்ணினான்.
"ஒரு கிடா வரும்டா இதுக்கு" என்றான்.
ஈரல் யாருக்கு என்றும் கேட்டான்.

அடுத்த லாட்டைக் கூப்பிட்டேன்.