நேரத்தை எழுது

படகில் எனக்கெதிரே
உன் கால்கள் இரண்டும்
சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கின்றன.
நேற்றிரவு நீயே போட்ட முடிச்சு,
இடது கொஞ்சம் இறுக்கம்.

நீ தண்ணீரில்.

இண்டர்லாக்கன் பக்கக் கரையில், விடியமுன்,
பதினெட்டுப் பாகை என்றார் மருத்துவர்.
"எனக்குப் பாதிக் குளிர்தானே" என்றாய், சிவகலை.
சிரிக்கலாமா என்று அவர் என்னைப் பார்த்தார்.

ஸ்பீட்ஸ் தாண்ட எதிர்க்காற்று.
நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டாய் இருந்த கைவீச்சு
நாற்பத்தொன்று.
உதடு நீலம்.
கழியில் கட்டித் தேநீர் நீட்டினேன்.
சீனி காணாதென்று ஏசினாய்.
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கரையேறும்வரை யாரும் தொடக்கூடாது, அது விதி.
ஒருநாள் தறப்பாளில்
உன்னைச் சுமந்தோடிய கைகள் இவை.
துடுப்போடு கட்டிப்போட்டேன்.

தூன். கூழாங்கல்.
கையூன்றி, வயிறு தேய,
முழங்கையில் இரத்தம் வர
ஏறுகிறாய்.
ஐஸ்கிரீம் உருக ஒரு பையன்
வாய் திறந்து நிற்கிறான்.

ஏரி முழுக்கக் கடந்தும்
ஈரம் படாத சப்பாத்துகளைத்
தூக்கிக்கொண்டு ஓடிவருகிறேன்.
"அதை வை.
முதலில் நேரத்தை எழுது."

எட்டு மணி, ஐம்பத்தைந்து நிமிடம்.
ஐந்து, ஆறு போல விழுந்தது.
வெட்டித் திரும்ப எழுதினேன்.