வெறும் வயிற்றில்

செம்பூர் ஆய்வகத்தில் காலை ஏழு இருபதுக்கு
பெட்னேகரின் ரத்தக் குழாயில்
கெய்க்வாடின் பெயரை ஒட்டினேன்.
அவருடையதில் இவர் பெயரை.
மாலைதான் உறைத்தது:
சர்க்கரையே இல்லாதவருக்கு
நானூற்றுப் பன்னிரண்டு.

கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றிலும் பிரின்டர்தான் குற்றவாளி.

வெளியே வந்து, "நான்தான்" என்றேன்.

காவ்டே மேடம் கத்தவில்லை.
கத்தியிருந்தால் அழுதுவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கலாம்.
என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.
லேபிள் எந்தப் பக்கம் விழும்?
கையில் எத்தனை குழாய்?
போன் அடித்ததா?
அடித்தது. வீட்டுக்காரர், வாடகைக்கு.
அதையும் எழுது என்றார்.
எழுதினேன்,
இரண்டு மாத பாக்கி என்பதை விட்டுவிட்டு.

பிறகு போனை என் பக்கம் நகர்த்தினார்.

பெட்னேகர் திட்டினார்.
ஹாபுஸ் மாம்பழம் ஒரு பெட்டி,
பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்றாம்.
அதை யார் திருப்பிக் கேட்பது?
திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்தது.

கெய்க்வாட் திட்டவில்லை.
என் தடுமாறும் மராத்தி முடியும்வரை கேட்டார்.
அவர் பக்கம் ஒரு ரயில்
முழுதாகக் கடந்து போனது.
"வெறும் வயிற்றில் வரணுமா?"
"ஆமாம்."
"நீதான் எடுப்பியா?"

மேடத்தைப் பார்த்தேன்.
அவர் பதிவேட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆறரைக்கே வந்துவிட்டார்.
சட்டைக் கையை மடித்துவிட்டு,
நான் கேட்கும் முன்பே
தன் பெயரைச் சொன்னார்.
ஊசி ஏறும்போது
இன்னொரு முறை.