மூன்று செக்கன்

இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்குத்தான்
உண்மை சொல்ல வரும்.
சூடேறிவிட்டால் அதுவும் எங்களைப்போல
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறது.

ஆகவே விடிய ஐந்தரை.
வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை.
பொனட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு
ரயில் போகட்டும் என்று நிற்கிறேன்.
கடைசிப் பெட்டியும் போய்
தண்டவாளம் அடங்கிய பிறகு
திறப்பைத் திருப்புகிறேன்.

தகர டப்பாவில் சில்லறை குலுக்கினாற்போல
மூன்று செக்கன்.
அதற்குள் ஒயில் மேலேறிவிடும்.
பிறகு நல்ல பிள்ளை.

ஒலிப்பதிவு தோஹாவுக்குப் போனது.
அங்கே மூன்று மணி, ஷிஃப்ட் முடிந்து படுத்த கை:
'பெல்ட்டாயிருக்கும். விடு.'
பஞ்சிகாவத்தையில் ஒரு பாஸ்
பொனட்டைத் திறக்காமலே சொன்னார்:
'எஞ்சினையே மாத்துங்கோ நோனா.'
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்,
காதை மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை.

சனிக்கிழமை பெல்ட்டைக் கழற்றித்
தோளில் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினேன்.
பத்து எண்ணுவதற்குள் நிறுத்திவிட வேண்டும்,
தண்ணீர்ப் பம்ப் சுற்றாது.
மூன்றிலேயே தெரிந்துவிட்டது.
பெல்ட் என் தோளில்,
சத்தம் காரில்.

இனி ஸ்குரூ டிரைவர்.
பிடி காதெலும்பில், நுனி இரும்பில்.
ஒரு விடியலுக்கு மூன்று செக்கன்தான் கிடைக்கும்,
ஆகவே ஒரு விடியலுக்கு ஓரிடம்.
மிதுஷா ஸ்டார்ட் பண்ணுவாள், நான் குனிவேன்.
ஞாயிறு, வால்வ் மூடி: தூரத்துத் தையல் மெஷின்.
திங்கள், கீழே ஒயில் சட்டி: முணுமுணுப்பு.
செவ்வாய் மழை.
மேல்மாடி ஜெனீரா டீச்சர்
யன்னலை அடித்துச் சாத்தினா.
புதன்கிழமை அவவே இறங்கி வந்து
இரவு உடுப்போடு டோர்ச் பிடித்தா.
அன்றைக்குத்தான் பக்கவாட்டு மூடியில் நுனியை வைத்தேன்.
மண்டைக்குள் சங்கிலி இழுபட்டது.

'செயின்' என்றேன்.
டீச்சர் என் கழுத்தைப் பார்த்தா.

பின்னேரம் வால்வ் மூடியைக் கழற்றினோம்.
கறுப்பு ஒயிலில் ஊறிக் கிடந்தது,
விரலால் அழுத்தினால் அமிழ்ந்தது,
பழைய நுளம்புவலைக் கயிறு மாதிரி.
ரென்ஷனர் தன் கையை முழுதாக நீட்டியும்
எட்டவில்லை.
கீழ்ப் புலியைச் சாவியால் மெல்லச் சுற்றி
அடையாளத்தில் நிறுத்தினேன்.
'மேல் புள்ளி கோட்டுக்கு வரேல்லை அம்மா,
ஒரு பல்லு பிந்தி நிக்குது.'

சிக்னலில் நிற்கும்போது
கார் ஏன் நடுங்கியதென்று அப்போதுதான் விளங்கியது.
நான் ஏசி என்று நினைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று பாய்ந்தால்
பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும்.
திறப்பை எடுத்து
சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன்.

கண்ணாடியின் மூலையில் சேர்விஸ்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்,
மைனர் எழுத்தில்: அடுத்த ஒயில் 82,000.
மீற்றரில் 97,140.
இடையில் போன பதினையாயிரத்துச் சொச்சத்துக்குள்
இரண்டு தவணை டியூஷன் காசு இருக்கிறது,
மிதுஷாவின் மூக்குக்கண்ணாடி இருக்கிறது,
பிந்திக் கட்டிய லீசிங் இருக்கிறது.
ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றது
நான்தான்.
ஸ்டிக்கரை உரிக்கவில்லை.

தோஹாவுக்கு: 'பெல்ட் இல்லை.'
இரண்டு நீலக் கோடு.
பிறகு வெகுநேரம் எழுதுகிறார், எழுதுகிறார்.
'எப்பிடிப் பிடிச்சனீ?'

நாளைக்கு நூறாம் நம்பர் பஸ்.
ஆறு மணிக்கு எழும்பினாலே போதும்.
ஆனாலும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது.
ரயில் போனது, தண்டவாளம் அடங்கியது.
மேலே டீச்சரின் யன்னல்
திறந்து கிடந்தது.