சங்காயம்

காரல் என்று எழுத என் பேரேட்டில் கட்டம் இல்லை.
நெத்திலிக்கு இல்லை, நகரைக் குஞ்சுக்கு இல்லை,
விரல் நீளம் வளர்ந்திராத சீலாவுக்கும் இல்லை.
எல்லாம் சங்காயம்.
கிலோ பதினேழு ரூபாய்,
ஈரத்துக்கு நூற்றுக்கு ஐந்து கழிவு.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே
மீன்மாவுக் கம்பெனியின் எடைமேடைக் கூண்டில் இருக்கிறேன்.
லாரி ஏறியதும் திரையில் எண்கள் துடிக்கும்.
அடங்கும்வரை பொறுத்துத்தான் எழுத வேண்டும்.
மீனும் இப்படித்தானே என்று
முதல் மாதம் தோன்றியது.
இப்போது தோன்றுவதில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில்
லாரிக்கு முன்னால் வந்து நின்றாள் சவேரியம்மாள்.
அலுமினியச் சட்டிக்குள் ஒரு ஐஸ்கட்டி, வேறொன்றுமில்லை.
"மருமக பெத்து ஆறு நாளாச்சு, பால் எறங்கல.
ஒரு கிலோ காரப்பொடி குடு தம்பி.
ஏலத்துல கேக்கலாம்னு போனேன்.
நான் வாயத் தொறக்குமுன்ன
ஒங்க ஆளு கரையையே வாங்கிட்டாரு."

ஏற்றியதை இறக்கக் கூடாது என்பது விதி.
விதியைச் சொன்னேன்.
அவள் திட்டவில்லை.
"பொடியாக்கி யாருக்குக் குடுப்பீங்க?"

இறாலுக்கு என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தேவிபட்டினம் ரோட்டில்
குமரய்யாவின் வயல் இப்போது இறால் குளம்.
ஐந்து வருடக் குத்தகை.
சொந்த நிலத்துக்கு அவரே சம்பளத்துக்கு இரவுக் காவல்.
விசிறிகள் விடிய விடியத் தண்ணீரைக் கடையும்;
ஊரில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமும்.
இறாலுக்கு நாளைக்கு நாலு வேளை.
தீனி போட்டு இரண்டு மணி நேரத்தில்
தட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்,
தின்றதா, வைத்துவிட்டதா.
வைத்திருந்தால் டெக்னீஷியனுக்கு உடனே போன்.
குமரய்யா சாப்பிட்டாரா என்பதற்கு
அந்த நோட்டிலும் கட்டம் இல்லை.
தூக்குச்சட்டியில் ரேஷன் அரிசிக் கஞ்சி.
கடித்துக்கொள்ள வற்றல்,
அதுவும் கடையில் வாங்கிய நீள மிளகாய்.
குண்டு மிளகாய் காய்த்த மேட்டுக்கொல்லையில்
குளத்து உப்பு ஏறி இரண்டு வருடமாகிறது.

இறால் தூத்துக்குடியில் கப்பலேறும்.
எங்கோ குளிர்கிற ஊரில்
ஓடு உரித்து, நரம்பெடுத்து, வால் மட்டும் விட்டு
ஒருவர் முன் வைப்பார்கள்.
அவர்மேல் எனக்குக் கோபமில்லை.
பசித்துத்தான் வந்திருப்பார்.
அவர் தட்டில் மிச்சமானால்
யாருக்கும் போன் போகாது, அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் கம்பெனி
அங்கன்வாடிக்கு நூறு பாக்கெட் சத்துமாவு கொடுத்தது.
பாக்கெட்டில் முதலாளி சிரிக்கிறார்.
சுவரில் ஒரு படம்:
தட்டில் முழு மீன், பக்கத்தில் கர்ப்பிணி,
'தினமும் புரதம்' என்று கீழே.
குரூப் போட்டோவில் நான் இரண்டாவது வரிசை.
அந்தப் படத்தை என் தலை மறைத்திருக்கிறது.

லாரி நகர்ந்தது.
குலுங்கலில் ஏழெட்டுக் காரல்
வெள்ளி நாணயம்போலத் தெறித்து மேடையில் விழுந்தன.
"விழுந்தது கணக்கில்லை, எடுத்துக்கோங்க" என்றேன்.
பெரிய மனது பண்ணியதாக நினைப்பு எனக்கு.

அவள் குனியவில்லை.
"பிள்ளை பெத்தவளுக்கு
டயர் பக்கத்துல கெடந்ததா?"

டீசல் கலந்த தண்ணீரில் அவை மினுங்கின.
ஒரு காகம் வந்தது, நடந்து பார்த்தது, போய்விட்டது.

மேடைமேல் அவள் மட்டும் நின்றிருந்தாள்.
எதற்கோ திரையைப் பார்த்தேன்.
நாற்பது.
சட்டி, ஐஸ், சேலை ஈரம் எல்லாம் சேர்த்து.
எண் துடிக்கவில்லை.

அடுத்த லாரி ஹார்ன் அடித்தது.
திரையைப் பூச்சியமாக்க
அவள் இறங்கும்வரை
பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.